வேகாத சமன்பாடு

கீழே உள்ள வரியைச் சற்று உற்றுப் பாருங்கள்:

தூ = வேகா + 0.5முகாகா

ஏதேனும் பொருள் தெரிகிறதா? 'வேகா' என்றால் அரைகுறையாய் வெந்த பண்டம் நினைவுக்கு வரும். 'முகாகா' என்பது காக்கையின் குரல்போல இருக்கிறதே என்று சிரிக்கவும் தோன்றும். ஆனால் மேனிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தவர்கள் ஒரு கணம் நிதானித்தால் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். 'தூ' என்பது தூரம், 'வே' தொடக்க வேகம், 'கா' காலம், 'மு' முடுக்கம். சீரான முடுக்கத்துடன் செல்லும் பொருள் கடக்கும் தூரத்தைக் கூறும் இயக்கச் சமன்பாடே இது. இயற்கணிதத்தில் இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினாலே பெருக்கல் என்று கொள்வது வழக்கம். ஆகவே ஆசிரியரின் கண்ணுக்கு இந்த வரியில் பிழை ஏதும் இல்லை.

கணிப்பொறிக்கோ இது முழுப் பிழை. அதற்குப் பெருக்கல் என்றால் நட்சத்திரக் குறி வேண்டும். சரியான வரி இதுதான்:

தூ = வே*கா + 0.5*மு*கா*கா

நட்சத்திரங்கள் நான்கும் போய்விட்டால், 'வேகா' என்பது ஏதோ ஒரு தனிப்பெயர் என்று அது கொள்ளும். '0.5முகாகா' என்பதை எண்ணாகவும் ஏற்காது, பெயராகவும் ஏற்காது. வேலையை நிறுத்திவிட்டுப் 'பிழை' என்று அறிவித்துவிடும்.

இந்த நான்கு நட்சத்திரங்கள் எங்கே போயின? அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது ஒரு வேலையா? அதைச் செய்பவரை நாம் மதிக்க வேண்டுமா? இம்மூன்று கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

புத்தகத்தில் உள்ளபடிதான்

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவி ஒருவர். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் சிறு நிரல்கள் எழுதி இயக்கக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் பயிற்சியை வகுப்பில் கொடுத்திருந்தேன். அதற்காக, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்டிருந்த ஒரு விளக்கக் கையேட்டிலிருந்து நான்கு பக்கங்களை நகல் எடுத்துக் கொடுத்தவனும் நானே. மேலே நீங்கள் கண்ட வரி அதில் இருந்ததுதான். அங்கே ரோமன் எழுத்துகளில் இருந்ததை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்து மாறினாலும் கதை மாறாது.

இரண்டு மாலைகள் அம்மாணவி அந்த வரியோடு போராடியிருக்கிறார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "புத்தகத்துல இருக்கறபடியேதானுங்க சார் அடிச்சேன். எனக்குக் கம்ப்யூட்டர் வராதுங்க போல" என்றார்.

நான் தாளைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எனக்கும் உடனே பிடிபடவில்லை. அந்தத் தாளை அதற்கு முந்தைய ஆண்டும் வகுப்பில் கொடுத்தவன் நான். சமன்பாடு எனக்குத் தெரியும் என்பதால் தாளில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. மனத்தில் இருந்ததைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு எத்தனை பேர் இதே இடத்தில் முட்டிக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிக்கொண்டார்களோ என்ற எண்ணம் இன்னும் என்னைவிட்டு அகலவில்லை.

நட்சத்திரங்கள் மறைந்த மர்மம்

மென்பொருளுக்கான விளக்கக் கையேடுகளைப் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகத்தான் எழுதுகிறார்கள். தலைப்பு எது, தடித்த எழுத்து எது என்பதைச் சில குறிகளால் காட்டுவார்கள். பின்னர் ஒரு நிரல் அக்குறிகளைப் படித்து அழகிய பக்கமாக மாற்றித் தரும். இத்தகைய குறிமுறைகளில் மிகவும் பரவியது 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட 'மார்க்டவுன்'. கற்பதற்கு எளிது, மூலக் கோப்பையே அப்படியே படிக்கவும் முடியும். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கையேடு எழுத முன்வந்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. மார்க்டவுனில் ஒரு சொல்லின் இருபுறமும் ஒற்றை நட்சத்திரம் இட்டால் அது சாய்வெழுத்தாகும். இரட்டை நட்சத்திரம் இட்டால் தடித்த எழுத்தாகும். பக்கம் உருவானபின் நட்சத்திரங்கள் மறைந்துவிடும். பெருக்கலுக்கும் அதே நட்சத்திரம்; அழுத்தத்திற்கும் அதே நட்சத்திரம்! 'இது நிரல் வரி, இதைத் தொடாதே' என்று காட்ட வரியின் இருபுறமும் சாய்ந்த ஒற்றை மேற்கோள் போன்ற ஒரு குறியை இடவேண்டும். எழுதியவர் அதை மறந்தால், பெருக்கற்குறிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சாய்வெழுத்துக் குறிகளாகிக் கரைந்துபோகும். எங்கள் சமன்பாட்டுக்கு நேர்ந்தது இதுவே.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு ஒன்று. பைத்தானில் அடுக்கைக் குறிக்க இரட்டை நட்சத்திரம் இடுவார்கள். 2**3**2 என்றால் 2-இன் அடுக்கு 9, விடை 512. இதே வரியை மார்க்டவுனில் பாதுகாப்பின்றி எழுதினால், பக்கத்தில் 232 என்று, நடுவில் 3 மட்டும் தடித்து நிற்கும். முந்தைய பிழையிலாவது கணிப்பொறி கூச்சலிட்டது. இங்கே அதுவும் இல்லை. 232 ஒரு நல்ல எண்தானே! மாணவர் 512-க்குப் பதில் 232-ஐ வைத்துக்கொண்டு மேலே கணக்குப் போட்டுக்கொண்டே போவார்.

'இதையெல்லாம் சரிபார்க்கும் கருவிகள் இருக்கின்றனவே' என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அக்கருவிக்கு இந்த வரியில் குற்றம் தெரியாது. மார்க்டவுன் இலக்கணப்படி அது சரியான வரி. எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைக் கருவி அறியாது. மனிதக் கண்தான் அதை அறிய முடியும்.

இடைவெளிக்கும் பொருள் உண்டு

இவை 'வடிவமைப்புப் பிழைகள்' என்று சொல்லப்படுகின்றன. சொற்பிழை, கருத்துப்பிழை என்பனவற்றுக்குக் கீழே, கடைசிப் படியில் வைக்கப்பட்டவை. பக்கம் பார்க்க அழகாக இல்லை, அவ்வளவுதானே என்ற எண்ணம். கதைப் புத்தகத்துக்கு இது பொருந்தலாம். செய்முறை கூறும் எழுத்துக்குப் பொருந்தாது.

ஒரு தொழிலாளியின் வாரக் கூலியைக் கணக்கிடும் நிரலைத் தமிழில் எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

ஆறு நாள்களில் ஒவ்வொரு நாளுக்கும்:
    அன்றைய கூலியை மொத்தத்தில் கூட்டு
மொத்தத்தை அச்சிடு

ஆறு நாள் கூலியும் கூட்டப்பட்டபின், சனிக்கிழமை ஒருமுறை மொத்தம் அச்சாகும். கடைசி வரி மட்டும் சற்று வலப்புறம் நகர்ந்துவிட்டால்?

ஆறு நாள்களில் ஒவ்வொரு நாளுக்கும்:
    அன்றைய கூலியை மொத்தத்தில் கூட்டு
    மொத்தத்தை அச்சிடு

இப்போது ஒவ்வொரு நாளும் அதுவரையிலான மொத்தம் அச்சாகும். ஆறு சீட்டுகள் வரும். ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது வெற்றிடம் மட்டுமே. 1991-இல் கைடோ வான் ரோஸம் வெளியிட்ட பைத்தான் மொழியில் வரியின் தொடக்க இடைவெளி அலங்காரமல்ல, அது இலக்கணம். தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானைக் கற்கிறார்கள். அவர்கள் கைக்கு வரும் குறிப்புகளில் அச்சுக்கோப்பவர் 'வரிகளை நேராக்கி அழகுபடுத்தி' விட்டால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் குறியும் அப்படியே. நிரலில் நேரான மேற்கோள் குறிதான் செல்லும். சொற்செயலிகள் அதை வளைந்த குறியாக மாற்றி அழகு செய்கின்றன. அதை அப்படியே நகலெடுத்து இட்டால் நிரல் ஓடாது. கட்டளைகளில் வரும் இரட்டைச் சிறுகோட்டுக்கும் இதே கதி. பைத்தானின் கையேட்டுக்காகவே உருவாக்கப்பட்டு 2008-இல் வெளிவந்த 'ஸ்பிங்க்ஸ்' என்னும் சிறந்த கருவிகூட, நிரல் வரி என்று அடையாளமிடாத இடத்தில் இரட்டைக் கோட்டைக் கண்டால் அதை ஒரே நீளக் கோடாக ஆக்கிவிடும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கட்டளை மட்டும் பலிக்காது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவது வழக்கம். அந்நாடுகளிலிருந்து வரும் அளவுத்தாளில் 1,5 என்று இருந்தால் அது ஒன்றரை. அந்தக் காற்புள்ளியைத் தூசி என்று எண்ணிப் பதினைந்து என்று படித்தால் துணி என்னவாகும்!

விண்வெளியிலும் ஒரு கோடு

1962 ஜூலை 22 அன்று அமெரிக்கா வெள்ளிக் கோளை நோக்கி மாரினர்-1 கலத்தை ஏவியது. ராக்கெட் பாதை தவறியதால், ஐந்து நிமிடத்துக்குள் அதைத் தரையிலிருந்தே அழிக்க நேர்ந்தது. வழிகாட்டும் ரேடார் கருவியில் கோளாறு ஏற்பட்டது ஒரு காரணம். ஆனால் அக்கோளாறு அழிவாக முற்றியதற்கு மற்றொரு காரணம் உண்டு. வழிகாட்டும் சமன்பாட்டைக் கையால் எழுதியபோது ஒரு குறியீட்டின் தலைமேல் இருக்க வேண்டிய சிறு கோடு விடுபட்டிருந்தது. அக்கோட்டுக்கு 'ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்திய மதிப்பு' என்று பொருள். அது இல்லாததால், சாதாரணமான சிறு அசைவுகளையும் கணிப்பொறி பெரும் விலகல்களாகக் கொண்டு, வேண்டாத திருத்தங்களைச் செய்தது. பத்திரிகைகள் இதை 'விடுபட்ட ஹைபன்' என்று எழுதின. நிரலாளர் தமக்குக் கொடுத்த தாளைப் பிழையின்றிப் பின்பற்றியிருந்தார் என்பதைக் கவனியுங்கள். பிழை தாளில் இருந்தது.

எங்கள் மாணவியும் தாளைப் பிழையின்றித்தான் பின்பற்றினார்.

ஆனால் சில அறிஞர்கள் இச்சிறு பிழைகளை மிகவும் மதித்தார்கள். கணிப்பொறி அறிஞர் டொனால்ட் நூத் 1977-இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைக் கண்டு மனம் நொந்து, கணித நூல்களை அழகாக அச்சுக்கோக்க 'டெக்' என்ற மென்பொருளையே உருவாக்கத் தொடங்கினார். தம் நூல்களில் புதிய பிழையைக் காட்டும் எவருக்கும் 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பி வந்தார். பதினாறடிமான எண்முறையில் 256 சென்ட் ஒரு 'டாலர்' ஆகும் என்பது அவரது வேடிக்கைக் கணக்கு. அச்சுப்பிழைக்கும் பரிசு உண்டு. 2008 முதல் உண்மைக் காசோலைக்குப் பதில் ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழை அனுப்பலானார். பலர் காசோலையை வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டு மாட்டி வைத்துக்கொண்டார்கள். சிறு பிழையைக் கண்டவருக்குப் பெரிய அறிஞர் கையெழுத்திட்டு நன்றி சொல்வது எவ்வளவு நல்ல பண்பு!

சட்டைக்காகச் செய்த திருத்தம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கட்டற்ற மென்பொருளில் எவரும் திருத்தம் முன்மொழியலாம். மூலக் கோப்பைத் திறந்து, மாற்றி, 'இதை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினால், பொறுப்பாளர் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் இதை ஊக்குவிக்க 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற விழாவை ஒரு நிறுவனம் நடத்தி வந்தது. 2020-இல் நான்கு திருத்தங்களை அனுப்பினால் போதும். முதல் 70,000 பேர் ஒரு டி-ஷர்ட்டைப் பெறலாம், அல்லது அதற்குப் பதில் ஒரு மரம் நடச் செய்யலாம் என்று அறிவிப்பு.

விளைவு என்ன? அந்த அக்டோபரின் முதல் நாள்களிலேயே பயனற்ற திருத்தங்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. நன்றாக இருந்த தலைப்போடு 'அற்புதமான திட்டம்' என்ற சொற்களை ஒட்டுவது போன்ற 'திருத்தங்கள்'! சம்பளமின்றிப் பணிபுரியும் பொறுப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மறுத்தே களைத்துப்போனார்கள். சம்மதம் தெரிவித்த திட்டங்களில் செய்யும் திருத்தங்களை மட்டுமே கணக்கில் கொள்வோம் என்று சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இப்படி அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்களும் கணிசமாக இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமையல்ல. டி-ஷர்ட்டைக் கட்டுக்கட்டாகத் தைத்து உலகுக்கு அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

இதனால் 'வடிவமைப்புத் திருத்தம்' என்றாலே முகம் சுளிப்பவர்கள் உருவாகிவிட்டார்கள். உண்மையான திருத்தமும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. என் விமரிசனம் இரு சாராரையும் நோக்கியது. எண்ணிக்கைக்காகத் திருத்துபவர் படிப்பவரை நினைப்பதில்லை. சிறியது என்று தள்ளுபவரும் படிப்பவரை நினைப்பதில்லை.

தமிழுக்கு உரிய சிக்கல்கள்

தமிழில் இலவசக் கையேடுகள் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வந்திருக்கிறது. 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களும் கிடைக்கின்றன. இனி நாம் கவனிக்க வேண்டியது, தமிழ் எழுத்தின் இயல்பால் விளையும் வடிவச் சிக்கல்களை.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ஒரு கட்டளைச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதி, ஒரு கோடிட்டு, 'ஐ' அல்லது 'இல்' சேர்ப்பது நம் வழக்கம். நிரல் எழுத்தும் விளக்க எழுத்தும் வேறுபட்ட உருவில் இல்லாவிட்டால், கட்டளை எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது? அந்தக் கோடும் கட்டளையின் பகுதி என்று எண்ணி அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது அவர்கள் அறியாமை அல்ல. பக்கத்தை அமைத்தவரின் கவனக்குறைவு. அடுத்து, 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளை இடுவது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. தேடும் கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. 'ஔவை' என்று தேடினால் 'ஒளவை' கிடைக்கமாட்டாள்!

ஆங்கிலக் கையேட்டில் பிழை இருந்தால் வேறு பத்துக் கையேடுகளோடு ஒப்பிட்டுத் தெளியலாம். தமிழ் வழியில் வந்தவர் கையில் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். அதில் உள்ள பிழையைத் தம் பிழை என்றே அவர் கொள்வார். ஆகவே ஒரே பிழைக்கு அவர் கொடுக்கும் விலை அதிகம்.

யார் திருத்த வேண்டும்?

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். இப்பிழைகளைத் திருத்தத் தகுதியானவர் வல்லுநர் அல்லர், புதிதாகக் கற்பவரே. வல்லுநரின் கண் பிழையைத் தானே நிரப்பிக்கொண்டு கடந்துவிடும், என் கண் கடந்ததுபோல. கற்பவர்தான் அதில் முட்டிக்கொள்கிறார். முட்டிய இடத்தை அவரால்தான் சரியாகக் காட்ட முடியும். பனியன் கம்பெனியில் தைத்தவரே செக்கிங் செய்வதில்லை. வேறு ஒருவர் துணியை விரித்து, பிசிறை வெட்டி, பழுதுள்ள இடத்தில் அம்புக்குறிச் சீட்டை ஒட்டுவார். அந்த மேசையைத் தாண்டாமல் எந்தப் பெட்டியும் கப்பல் ஏறுவதில்லை. அதைச் சிறு வேலை என்று எந்த முதலாளியும் சொல்லத் துணியமாட்டார்.

திருத்துபவருக்கும் சில நெறிகள் உண்டு. முதலில் நிரலை ஓட்டிப் பார்த்துப் பிழை உங்களுடையதா, பக்கத்தினுடையதா என்று உறுதி செய்யுங்கள். சில கையேடுகளில் பிழையான வரியைப் பாடத்துக்காக வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். மேலும் கீழும் படியுங்கள். ஒரு முறைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். மூலக் கோப்பில் மாற்றியதோடு நில்லாமல், பக்கம் உருவானபின் எப்படித் தோன்றுகிறது என்பதையும் பாருங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிறர் நடையை மாற்றாதீர்கள்.

எங்கள் மாணவி இவ்வாறே செய்தார். அவ்வரியின் இருபுறமும் இரண்டு குறிகள், அவ்வளவே. 'இக்குறிகள் இல்லாததால் பெருக்கல் மறைகிறது' என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மூன்று நாளில் ஒரு சொல் நன்றியோடு அது ஏற்கப்பட்டது. இனி அக்கையேட்டைத் திறக்கும் எவரும் அந்த இடத்தில் முட்டிக்கொள்ளமாட்டார். இன்று மாணவர்கள் வினாக்களைக் கேட்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இத்தகைய எழுத்துகளைப் படித்தே கற்றவை என்பதால், அத்திருத்தம் எங்கெங்கே போய்ச் சேருமோ!

அன்று அவருடைய நிரல் ஓடியது. விடை வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "அப்ப எனக்குத் தெரியாம இல்லீங்க சார்" என்றார்.

ஆம் அம்மிணி, புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை. வாசகர்களே, அடுத்த முறை ஒரு கையேட்டில் உள்ளபடியே செய்தும் ஒன்று நடக்கவில்லை என்றால், உங்களை நொந்துகொள்வதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை சந்தேகியுங்கள். பிழை அங்கே இருந்தால், திருத்தி அனுப்பிவிட்டு மேலே செல்லுங்கள்.